இருட்டுல எட்டு செகண்ட்: பனமலையும் பெரியப்பாவோட மூணு கேமராவும்

இந்த எபிசோடுல ராஜா, போர் எதுவும் இல்லை. போட்டோ எடுக்குறதோட வரலாறு. நான் சொல்லப்போறது ஒரே ஒரு ஆளோட கதை, என் பெரியப்பா. செஞ்சியில வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர்.

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் வழியா போனா பனமலை. ஏரிக்கரையில சின்ன குன்று, மேல தாளகிரீஸ்வரர் கோயில். மகாபலிபுரம் கடற்கரைக் கோயிலையும் காஞ்சி கைலாசநாதரையும் கட்டின அதே ராஜசிம்ம பல்லவன் எழுப்பினது, எட்டாம் நூற்றாண்டு. ஒரு பக்கச் சந்நிதியில சுவரோவியம் ஒண்ணு மிச்சமிருக்கு. குடைக்குக் கீழ, ஒரு காலை மடக்கி நிக்கிற பார்வதி. எதிர்ல ஆடுற சிவன் பெரும்பாலும் அழிஞ்சுபோச்சு. பெரியப்பாவுக்கு அந்த முகம்னா பைத்தியம்.

1980-கள்ல அவர்கிட்ட இருந்தது ரஷ்யத் தயாரிப்பு ஜெனிட் கேமரா. அதுல போட்டது ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனியோட 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல். 1960-ல தொடங்கின அரசு நிறுவனம், நம்ம நீலகிரியில! ஒரு ரோலுக்கு 36 படம். சந்நிதிக்குள்ள கும்மிருட்டு. ஃபிளாஷ் அடிச்சா ஓவியத்துக்கு ஆகாதுன்னு அவரே ஒரு கட்டுப்பாடு வச்சுக்கிட்டார். அதனால கூட வந்த நண்பர் வாசல்ல வெள்ளை வேட்டியை விரிச்சுப் பிடிப்பார், வெயில் அதுல பட்டு உள்ள திரும்பும். கேமரா ஸ்டாண்டுல இருக்கும். ஷட்டரைத் திறந்து வச்சு வாய்விட்டு எண்ணுவார்: ஒரு படத்துக்கு ரெண்டு, அடுத்ததுக்கு நாலு, அப்புறம் எட்டு. எது சரியா வந்துச்சுன்னு ரோலைக் கழுவி வாங்குற வரைக்கும் தெரியாது.

இதுல ஒரு முன்னோடி உண்டு. 1858-ல லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ கேப்டன், சென்னை மாகாணத்தோட அரசு போட்டோகிராஃபர். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துல ஓடுற கல்வெட்டை 21 காகித நெகட்டிவ்ல தனித்தனியா எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படம் ஆக்கினார். இன்னிக்கு நம்ம போன்ல 'பனோரமா'ன்னு ஒரு பட்டன், அவ்வளவுதான். அடுத்து வந்த கவர்னர் ட்ரெவெல்யன் போட்டோ எல்லாம் ஆடம்பரச் செலவுன்னு அந்தப் பதவியையே மூடிட்டார். (பட்ஜெட் கட், அப்பவே!)

1975-ல கோடாக் இன்ஜினியர் ஸ்டீவ் சாஸன் செஞ்ச முதல் டிஜிட்டல் கேமரா 0.01 மெகாபிக்சல். ஒரு படம் கேசட்ல பதிய 23 செகண்ட் ஆச்சு. பெரியப்பா கைக்கு டிஜிட்டல் வந்தது 2004-ல. ரோல் காசு மிச்சம்னு மாசத்துக்கு ரெண்டு தடவை மலை ஏறினார். காலை, மாலை, மழைக்காலம்னு எட்டு வருஷப் படம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல.

2015-ல காலேஜ் முதல் வருஷம், லினக்ஸ் போடணும்னு அந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணினது நான்தான். காப்பி இருக்கும்னு நினைச்சேன். இல்லை. அவர் திட்டவே இல்லை, "சரி விடுப்பா"ன்னார். அதுக்கப்புறம் கேமராவைத் தொடவும் இல்லை. திட்டியிருந்தா தேவலாம்.

தப்பிச்சது எது தெரியுமா? பிஸ்கட் டின்ல கிடந்த நெகட்டிவ். ஓரத்துல கொஞ்சம் பூஞ்சை, ஆனா முகம் இருக்கு. போன வருஷம் அதையெல்லாம் ஸ்கேன் பண்ணினேன். இப்ப மூணு இடத்துல காப்பி வச்சிருக்கேன், சூடு கண்ட பூனை.

அப்புறம் அவரை பனமலைக்கு பைக்ல கூட்டிட்டுப் போனேன். என் போனைக் கையில கொடுத்து நைட் மோட் போட்டேன். அது வரிசையா பல படம் எடுத்து, கை ஆட்டத்தைச் சரிபண்ணி, ஒண்ணாச் சேர்க்கும். ட்ரைப் பசை வச்சு ஒட்டினதுக்குத் தூரத்துச் சொந்தம்னு விளக்கினேன். வந்த படத்தைப் பாத்தவர், "இந்த நிறம் சுவத்துல இல்லையே"ன்னார். உண்மைதான், மென்பொருள் கொஞ்சம் தூக்கிக் காட்டியிருந்தது. செட்டிங்ஸ்ல போய் அதைக் குறைச்சுக் கொடுத்தேன்.

மறுபடி போனைப் பிடிச்சார். திரையில 'அசையாமல் பிடிக்கவும்'னு வந்துச்சு. அவர் அதைப் படிக்கலை. மெதுவா எண்ண ஆரம்பிச்சார். நான் வாசலுக்குப் போய், போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழட்டி வெயிலுக்கு நேரா விரிச்சுப் பிடிச்சேன்.