பாணை விட்டேன், பொருமல் விடவில்லை

வாய்வுக்கென்று இரண்டு மாதமாக நான் பெருங்காயம் கரைத்துக் குடித்த மோருக்குள் கோதுமை மா இருந்தது. இதைச் சொன்னது வைத்தியர் இல்லை. பெருங்காயப் பேணியின் பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானே வாசித்தேன். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் வளரும் ஒரு செடியின் வேரில் வடியும் பால்தான் பெருங்காயம். அப்படியே பாவிக்க முடியாதளவு காரமும் பிசுக்கும் இருப்பதால் மாவும் பிசினும் கலந்துதான் விற்கிறார்கள். சிலதில் அரிசி மா, பலதில் கோதுமை மா. அந்த இரண்டு மாதமும் நான் குளுட்டன் இல்லாத உணவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பாணை விட்டேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 2009 இல் மெனிக் பாம் முகாமுக்குள் போனபோது எனக்குப் பதினெட்டு வயது. அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயோடு நிவாரணமாக வந்தது கோதுமை மா. காலையும் றொட்டி, இரவும் றொட்டி. கூடாரங்களுக்குள் வயிற்றோட்டம் வந்துபோகாத ஆட்கள் குறைவு. எனக்கும் வந்தது, பத்து நாளுக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு என் வயிறு பழைய வயிறாக இல்லை. சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் ஊதிவிடும், பாவாடை நாடாவைத் தளர்த்தவேண்டும். கடுமையான குடல் தொற்றுக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, தொற்று மாறிய பிறகும் குடல் எரிச்சல் நோய் நீடிக்கலாம் என்று வாசித்தது மிகவும் பிந்தித்தான். நெடுநாள் பயமும் நித்திரையின்மையும் அதைக் கூட்டும். முகாமிலிருந்து வந்த பலர் “அண்டையிலயிருந்து எனக்குச் சமிபாடு சரியில்லை” என்று சொல்வதை வெறும் மனப்பிரமை என்று தள்ளிவிட ஏலாது.

நானோ குற்றத்தை மாவின் தலையில் கட்டினேன். காணொளிகளில் எல்லோரும் குளுட்டனைத் திட்டிக்கொண்டிருந்த காலம். பாண், றோல்ஸ், கொத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன். எங்கள் புட்டிலும் இடியப்பத்திலும் அவித்த கோதுமை மா கலக்கிறது என்பதால் அம்மாவை எனக்கு மட்டும் தனி அரிசிமாவில் அவிக்கச் செய்தேன். “வன்னியில மா கிடைக்காம அழுதனாங்கள், இப்ப இவவுக்கு மா ஒத்துவராதாம்” என்று அம்மா அடுப்படியிலிருந்து முணுமுணுத்தது இன்னும் காதில் நிற்கிறது.

முதல் இரண்டு கிழமை சுகம். பிறகு பழையபடி பொருமல், சில நாளில் முன்னையைவிட மோசம். பாணின் இடத்தில் நான் எதை வைத்தேன் என்று பார்த்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும்: அவித்த கடலை, பயறு, உழுந்துத் தோசை, பருப்புக் கறி, கை நிறைய வெங்காயம் போட்ட சம்பல். அப்படிப் பார்க்காமல் மூலிகைக்குப் போனேன்.

நான் செய்த ஒரே நல்ல காரியம் ஒரு கொப்பி வைத்தது. ஒரு நேரத்தில் ஒரு மூலிகை, இரண்டு கிழமை, பிறகு ஒரு கிழமை இடைவெளி. ஓமத்தையும் சீரகத்தையும் அவித்த தண்ணீர் ஏப்பத்தை வெளியே எடுத்தது, அந்த நேரத்துக்கு இதம். பொருமல் வரும் நாட்கள் குறையவில்லை. வேர்க்கொம்பும் மல்லியும் போட்ட கோப்பி சாப்பாடு நெஞ்சில் நிற்கும் உணர்வைக் கொஞ்சம் குறைத்தது. 2011 இல் தாய்வானில் சமிபாட்டுக் கோளாறு உள்ள 11 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், இஞ்சி இரைப்பையை வேகமாக வெறுமையாக்கியது, ஆனால் அவர்களின் உபாதை குறைந்ததாகத் தெரியவில்லை. என் கொப்பியும் கிட்டத்தட்ட அதையே சொன்னது.

திரிபலா என்னை ஆச்சரியப்படுத்தியது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த அந்தச் சூரணத்தை இரவில் எடுத்தபோது காலையில் மலம் இலகுவாகப் போனது, வயிறும் இறங்கியது. எனக்கு மலச்சிக்கல் இருந்ததையே அப்போதுதான் உணர்ந்தேன். மலம் தேங்கினால் காற்றும் தேங்கும். ஆனால் இரண்டாம் கிழமையில் வயிற்றோட்டமாக மாறியதால் நிறுத்திவிட்டேன்.

லண்டனிலிருந்து சித்தி அனுப்பிய மிளகுக்கீரை எண்ணெய்க் குளிசைதான் இவற்றில் ஆய்வுப் பலம் கூடியது. அதிலுள்ள மென்தோல் குடல் தசையைத் தளர்த்துகிறது. குடல் எரிச்சல் நோய்க்கு அமெரிக்க இரைப்பைக் குடல் வைத்தியர்களின் 2021 வழிகாட்டலிலும் இதற்கு இடமுண்டு. ஆனால் குளிசையின் மேலுறை இரைப்பையைத் தாண்டிக் குடலில்தான் கரையவேண்டும். நான் அதை உடைத்துத் தேத்தண்ணிக்குள் விட்டேன். அன்றிரவு முழுக்க நெஞ்செரிவு, ஏனென்றால் அது இரைப்பையின் மேல்வாசலையும் தளர்த்திவிடும். முழுதாக விழுங்கியபோது வயிற்றுப் பிடிப்பு குறைந்தது உண்மை. நெஞ்செரிவுக்காரருக்கு இது சரிவராது.

இவ்வளவுக்கும் பிறகுதான் வைத்தியரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “கோதுமையை விட முதல் இரத்தம் சோதிச்சனீங்களோ?”

சோதிக்கவில்லை. செலியாக் என்பது ஒவ்வாமை அல்ல. குளுட்டன் உள்ளே போகும்போது உடலின் சொந்தக் காவலே சிறுகுடலின் உறிஞ்சிகளைத் தாக்கி மழுங்கச் செய்யும் நோய். உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. பொருமல் மட்டுமல்ல, காரணம் தெரியாத இரத்தச்சோகையும் எலும்புத் தேய்வும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனை குளுட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடலில்தான் சரியாகக் காட்டும். விட்டுவிட்டுச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். ஆகவே ஆறு கிழமைக்கு, நாளொன்றுக்கு ஒரு வேளைக்கு மேல், திரும்பவும் பாண் சாப்பிடச் சொன்னார். அம்மாவுக்கு அன்று வந்த சிரிப்பை விவரிக்கமாட்டேன்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்ட கதையும் ஒரு போர்க் கதைதான். நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லம் கரெல் டிக்கெ 1930களிலேயே மாவைச் சந்தேகித்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் ஆக்கிரமிப்பாளர்கள் உணவுப் போக்குவரத்தை மறிக்க, சனம் ரியூலிப் கிழங்கு தின்று உயிர்வாழ்ந்தது. பாண் இல்லாத அந்தப் பஞ்சத்தில் செலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பியதும் மீண்டும் விழுந்தார்கள். 1950 இல் அவர் இதைத் தன் ஆய்வேட்டில் எழுதினார். மா வராத காலம் என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எனக்குச் செலியாக் இல்லை என்று முடிவு வந்தது. அப்படியானால் பாணை விட்ட முதல் இரண்டு கிழமை ஏன் சுகமாக இருந்தது? 2018 இல் ஒஸ்லோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. செலியாக் இல்லாமல், தாமாகவே குளுட்டனை விட்டிருந்த 59 பேருக்கு, எது என்று தெரியாதபடி குளுட்டன் கலந்தது, ஃபிரக்டன் கலந்தது, இரண்டும் இல்லாதது என்று மூன்று வகைச் சிற்றுண்டியைக் கொடுத்தார்கள். கூடுதல் பொருமல் ஃபிரக்டனால்தான் வந்தது. ஃபிரக்டன் என்பது எங்கள் குடலால் உடைக்க முடியாத ஒரு மாச்சத்து. பெருங்குடலின் பக்ரீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்குகின்றன. கோதுமையில் இருக்கிறது, வெங்காயத்திலும் உள்ளியிலும் நிறைய இருக்கிறது. கடலை பருப்பில் இதன் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று இருக்கிறது. ஒரு வாசலைப் பூட்டிவிட்டு மூன்று வாசலைத் திறந்து வைத்திருந்திருக்கிறேன்.

செலியாக் உறுதியானவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கோதுமை, பார்லி, றை மூன்றும் ஆகாது. அரிசி, குரக்கன், மரவள்ளி, ஒடியல் பயமில்லை. ஆனால் கடையில் விற்கும் குரக்கன் பாணின் பெரும்பகுதி கோதுமைதான். உடம்புச் சூட்டுக்கு அவிக்கும் பார்லித் தண்ணி, நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகும் மோல்ட் போத்தல், சோயா சோஸ் எல்லாவற்றிலும் குளுட்டன் உண்டு. சில மூலிகைக் குளிசைகளை உருட்டவும் கோதுமை மாச்சத்தைச் சேர்க்கிறார்கள். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருந்தால்தான் ‘குளுட்டன் அற்றது’ என்று எழுதலாம் என்பது சர்வதேச நியமம். லேபல் இல்லாத சூரணப் பக்கெற்றில் இதை யார் அளந்தார்?

பக்கெற்றுகளில் வேறு பிரச்சினையும் உண்டு. 2004 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதிக் கடைகளில் வாங்கிய தெற்காசியத் தயாரிப்பான 70 ஆயுள்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14 இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும். ஏற்கனவே அழுத்தக் குளிசை போடும் அம்மாமாருக்கு இதை யாரும் சொல்வதில்லை. சித்த வைத்தியத்தை நான் குறைசொல்லவில்லை. பதிவுபெற்ற சித்த வைத்தியர் நாடி பார்த்து, வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டுத் தருவது ஒன்று, முகநூலில் விற்பது இன்னொன்று.

இன்னும் இரண்டு பேருக்காக இதை எழுதுகிறேன். ஷெல் காயத்துக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். அந்தத் தழும்பின் உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம், பல வருடம் கழித்தும் அடைபடலாம். வயிறு ஊதி, சத்தி எடுத்து, காற்றோ மலமோ போகாமல், நோ விட்டுவிட்டு முறுக்கினால் ஓமத்தண்ணி குடித்துக் காத்திருக்கவேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும்.

மற்றவர் எங்கள் ஒழுங்கையில் இருந்த அன்ரி. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக வருடக்கணக்கில் போராட்டக் கொட்டகையில் இருந்தவர். “வாய்வு பிள்ளை, வேறொண்டுமில்லை” என்று எட்டு மாதம் சூரணம் குடித்தா. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பியது, அடிக்கடி சலம் போனது. சூலகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயிற்றுக்குள் நீர் கட்டியிருந்தது. ஐம்பது தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வந்த பொருமல் மாதத்தில் பன்னிரண்டு தடவைக்கு மேல் வந்தால் இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் கேட்கவேண்டும். எடை குறைதல், மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வயிற்றோட்டம் என்பனவும் ஆண் பெண் எவருக்கும் அப்படித்தான்.

என் வீட்டில் அம்மா இப்போது புட்டுக்குப் பழையபடி இரண்டு மாவும் கலக்கிறா. நானும் சாப்பிடுகிறேன். கடலையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அளவோடு அவிக்கிறோம். வெங்காயச் சம்பல் மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும், அதை அம்மா எடுத்துக்கொள்வா.