சொத்து வரி (கல்பாக்கம் வட்டாரம்)

கட்டடங்கள், காலிமனைகள் மீது உள்ளாட்சிகள் அரையாண்டுதோறும் வசூலிக்கும் வரி. அவற்றின் ஆண்டு பட்ஜெட்டில் முக்கியச் சொந்த வருவாய்.

உயர்வு: 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சீராய்வின்படி செங்கல்பட்டு, மதுராந்தகம் நகராட்சிகளிலும் திருக்கழுக்குன்றம் பேரூராட்சியிலும் குடியிருப்பு வரி 600 சதுர அடி வரை 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% கூடியது. எடுத்துக்காட்டாக, 1,000 சதுர அடி வீட்டுக்கு ரூ.800 கட்டியவருக்கு ரூ.1,200 வந்தது.

ஊராட்சிகள்: புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் ஊராட்சிகளில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டுவரி வசூலாகிறது.

விலக்கு: கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை வழியாக ஒன்றிய அரசுக்குச் சொந்தமான கட்டடங்களுக்கு அரசியலமைப்பின் 285ஆம் பிரிவு வரிவிலக்கு தருகிறது. இத்தகைய கட்டடங்களுக்கு, உள்ளாட்சி செய்துதரும் வசதிகளைப் பொறுத்து, சொத்து வரியில் 33⅓%, 50% அல்லது 75% சேவைக் கட்டணமாகப் பெறும் ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2009இல் பதிவுசெய்தது.