கழற்றி மாட்டத் தெரிந்த ஆண்டு

முன்பெல்லாம் கடலூர் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது. கெடிலமும் பரவனாறும் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அதற்கு ஆழம் போதவில்லை. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். முதுநகரிலிருந்து தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். என் அப்பா தோணியில் வேலை பார்த்தவர். கப்பலோடு தோணியைக் கட்டுவதைவிட, அலையில் விறைத்து நிற்கும் கயிற்றை அவிழ்ப்பதுதான் பெரும்பாடு என்பார். சிதம்பரத்தில் ஒர்க்‌ஷாப் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், செயற்கைக்கோள்களின் வரலாற்றிலும் அந்தப் பாட்டைத்தான் தேடிப் படிக்கிறேன்.

நம் ராக்கெட்டுகள் நெடுங்காலம் கழற்றிவிட மட்டுமே செய்தன. 1999இல் பி.எஸ்.எல்.வி. முதன்முதலாக ஒரே பயணத்தில் மூன்று செயற்கைக்கோள்களை விட்டது. 2008இல் பத்து. 2009இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் போனது. 2017 பிப்ரவரி 15 அன்று 104. எல்லாமே ஒருவழிப் பயணம்தான். செயற்கைக்கோளை ராக்கெட்டோடு இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பட்டையின் போல்ட்டைச் சிறு வெடியால் அறுத்துவிட்டு, அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங்குகளால் தள்ளிவிடுவது உலகெங்கும் பழகிய முறை. இதில் ஒரு சங்கடம் உண்டு. அறுத்த போல்ட் அறுத்ததுதான். தரையில் சோதித்துப் பார்த்த துண்டு வேறு, மேலே போகும் துண்டு வேறு. திரும்பத் திரும்பத் திறந்து மூடும் பூட்டு என்றால், மேலே போகப்போகும் பூட்டையே மேசையில் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் இயக்கிப் பார்க்கலாம். பட்டறையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இணைப்பதில் மற்றவர்கள் வெகு முன்பே இறங்கிவிட்டார்கள். 1966இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஸ்காட்டும் ஜெமினி 8ஐ அஜீனா கலத்தோடு சேர்த்தார்கள். 1967 அக்டோபரில் ஆளில்லாத இரண்டு சோவியத் காஸ்மோஸ் கலங்கள் தானாகவே இணைந்தன; கொக்கி பிடித்தது, மின் இணைப்பு மட்டும் பொருந்தவில்லை. 1975இல் அப்பல்லோவும் சோயுஸும் சேர்ந்தபோது, இரு பக்கமும் ஒரே வடிவிலான வளையம் வந்தது. அது சோவியத் பொறியாளர் சிரோமியாத்னிகோவின் வேலை.

நம் முறை 2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்கியது. சேசர், டார்கெட் என்று இரண்டு கலங்கள், ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. இணைப்பு வளையம் 450 மி.மீ.; அதை இயக்க இரண்டே மோட்டார். சர்வதேசத் தரத்து அமைப்பு 800 மி.மீ., 24 மோட்டார். இரண்டு கலங்களும் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்க, ஒன்றையொன்று நெருங்கும் வேகம் மட்டும் விநாடிக்குப் பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும். ஜனவரியில் இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. மூன்று மீட்டர்வரை நெருங்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கவும் செய்தார்கள். அவசரப்படாத அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். ஜனவரி 16 அன்று கொக்கி பிடித்தது; வளையம் உள்ளிழுத்து இறுகியது. இதைச் செய்த நாலாவது நாடானோம்.

பத்திரிகைகள் அந்த நாளைக் கொண்டாடின. என் கணக்கில் அதைவிடப் பெரிய நாட்கள் இரண்டு. மார்ச் 13 அன்று வளையத்தை நீட்டி, பிடி நெம்புகோலை விடுவித்து, இரு கலங்களையும் சேதமில்லாமல் பிரித்தார்கள். ஏப்ரல் 20 அன்று அதே கொக்கிகள் மறுபடி பிடித்தன. முதல் முறை மூன்று மீட்டரில் நிறுத்திச் சரிபார்த்தார்கள். இந்த முறை பதினைந்து மீட்டரிலிருந்து கலங்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. பிறகு ஒன்றின் மின்சாரத்தில் மற்றதன் ஹீட்டர் சுமார் நான்கு நிமிடம் எரிந்தது. 1967இல் சோவியத் கலங்களுக்குக் கைகூடாதது இதுதான். நாளைய விண்வெளி நிலையத்துக்கும், நிலவிலிருந்து மண் கொண்டுவரும் சந்திரயான் 4க்கும் இந்தக் கழற்றி மாட்டும் வேலைதான் அடிப்படை.

அந்த இரு கலங்களையும் ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, போயம் என்ற ஆய்வு மேடையாகப் பூமியைச் சுற்றியபோது 24 ஆய்வுக் கருவிகளைச் சுமந்தது. அவற்றில் பத்து, அரசு சாராத நிறுவனங்களும் கல்லூரிகளும் செய்தவை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளிலும் கடைசி வருடப் பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களே, ஒரு குழுவாவது திறந்து மூடும் பூட்டு ஒன்றைச் செய்யுங்கள். லேத் இருக்கிறது, ஸ்பிரிங் கடையில் கிடைக்கிறது. ஆயிரம் முறை இயக்கி, எங்கே தேய்கிறது என்று எழுதி வையுங்கள்.