ஏணிச் சின்னமும் ரெண்டு தடவை மாறின மேப்பும்

நான் ஏழாயிரம்பண்ணைக்காரன். எங்க விருதுநகர் மாவட்டத்தோட இன்னொரு கோடியில திருச்சுழி இருக்கு. மாவட்டம் ஒண்ணுதான், ஆனா திருச்சுழிக்காரங்க எம்.பி. ஓட்டுப் போடுறது ராமநாதபுரம் தொகுதிக்கு. 2019, 2024 ரெண்டு தேர்தல்லயும் அங்க தி.மு.க. கூட்டணி சார்பா நின்னு ஜெயிச்சது ஏணிச் சின்னம். அதாவது இந்திய யூனியன் முஸ்லிம் லீக்.

"முஸ்லிம் லீக்கா? பாகிஸ்தான் கேட்ட கட்சியாச்சே, அது எப்படி இங்க?" இந்தக் கேள்விக்குத்தான் இந்த எபிசோட்.

1947 ஆகஸ்ட்ல நாடு பிரிஞ்சது. டிசம்பர்ல கராச்சியில கூடின லீக் கவுன்சில், கட்சியையும் ரெண்டாப் பிரிச்சது. இந்தியப் பக்கத்துக்கு அமைப்பாளர் எம். முகமது இஸ்மாயில். திருநெல்வேலி பேட்டைக்காரர், காயிதே மில்லத்னு நாம சொல்றது இவரைத்தான். நம்ம ஐ.டி. பாஷையில சொன்னா, இது ஒரு ஃபோர்க். ஆனா கோடு எழுதின சீனியர்கள்ல முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் போயாச்சு. பக் ரிப்போர்ட் எல்லாம் இந்தப் பக்கம் இருக்கிறவங்க தலையில.

1948 ஜனவரி 30, காந்தி கொல்லப்படுறார். பிரிவினைக் காயம் ஆறல. மதப் பேர் வெச்ச கட்சியே வேண்டாம்கிற குரல் பலமா இருந்தது. அந்தச் சூழல்லதான் மார்ச் 10-ம் தேதி, இன்னைக்கு நாம ராஜாஜி மண்டபம்னு சொல்ற இடத்துல கூட்டம். கட்சியைக் கலைச்சிடலாம்னு சொன்னவங்களோட பயம் நியாயமானது. பேர் இருக்கிற வரைக்கும் சந்தேகமும் இருக்கும். இஸ்மாயில் எடுத்த நிலை வேற: சிறுபான்மைக்குன்னு ஒரு அரசியல் குரல் வேணும், அதை இந்தியக் குடிமக்களா, சட்டத்துக்குள்ள நின்னு கேட்கலாம். கட்சி தொடரும்னு முடிவாச்சு.

அவர் கேட்டது எல்லாம் கிடைக்கல. 1949 மே மாசம் அரசியல் நிர்ணய சபையில தனி வாக்காளர் தொகுதி கேட்டார். பிரிவினைக்கே அதுதான் வித்துன்னு நினைச்சவங்க நிறைஞ்ச சபை அது, தோத்துப்போச்சு. அதே வருஷம் செப்டம்பர்ல ஆட்சிமொழி விவாதம். பழமைதான் அளவுகோல்னா இந்த மண்ணோட மூத்த மொழிகள் தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகள்தான்னு அங்க எழுந்து வாதாடினார். 'நீ எந்த நாட்டு ஆள்?'னு சந்தேகத்தோட பார்க்கப்பட்ட ஒரு தலைவர் தமிழுக்காகப் பேசினது, இன்னைக்குப் பலருக்குத் தெரியாது.

மேப் மாறினது அதோட நிக்கல. 1952 தேர்தல்ல சென்னை சட்டமன்றத்துக்குக் கட்சி ஜெயிச்சது அஞ்சு இடம். பலம் முழுக்க மலபார்ல. அப்போ மலபார் சென்னை மாகாணத்துல ஒரு மாவட்டம். 1956 நவம்பர் 1, மொழிவாரி மாநிலம் பிறக்குது, மலபார் கேரளாவுக்குப் போகுது. ஒரே நாள்ல தலைவர் ஒரு மாநிலம், ஓட்டு இன்னொரு மாநிலம்!

இங்கதான் எனக்கு ஆச்சரியம். மலையாளம் தாய்மொழியா இல்லாத இந்த நெல்லைக்காரரை மஞ்சேரி தொகுதி மக்கள் 1962, 1967, 1971-னு மூணு தடவை மக்களவைக்கு அனுப்பினாங்க. கேரளாவுல கட்சி ஆட்சிக் கூட்டணி வரைக்கும் வளர்ந்தது; 1979-ல சி.எச். முகமது கோயா கொஞ்ச நாள் முதலமைச்சராவே இருந்தார். தமிழ்நாட்டுல தனியா நிக்கிற பலம் இல்ல. அதனால கூட்டணிதான் வழி. 1967-ல அண்ணா, ராஜாஜியோட சேர்ந்து காங்கிரஸை எதிர்த்தது அப்படித்தான். திருச்சுழியில ஏணிக்கு ஓட்டு விழுறது அந்த ரூட்டோட தொடர்ச்சி.

இஸ்மாயில் 1972 ஏப்ரல் 5-ல காலமானார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல்ல அடக்கம். மாநிலம் கைமாறினப்போ, நாடு பிரிஞ்சப்போ, 'நாங்க இங்கதான் இருக்கோம்'னு சொன்ன லட்சக்கணக்கான பேர்ல அவரும் ஒருத்தர். அதைச் சொல்லவே ஒரு கட்சி தேவைப்பட்ட காலம் அது.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது காயிதே மில்லத் பேச்சை நேர்ல கேட்டிருந்தா, ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.