சேவலுக்கு நடுகல் இருக்கு... பெட்டைக்கு?

"பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?" என்று ஒரு பழமொழி நம்ம ஊரில் ரொம்ப நாளாய் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் அம்மாவோ அக்காவோ கொஞ்சம் சத்தமாய்ப் பேசினால் உடனே யாராவது இதை எடுத்து விடுவார்கள். யோசித்துப் பார்த்தால் கோழியின் வரலாறே இந்தப் பழமொழியின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. எல்லாப் பெருமையும் சேவலுக்கே!

முருகன் கொடியில் இருப்பது சேவல். சோழர்களின் உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயர் உண்டு; அங்கே ஒரு கோழி யானையையே எதிர்த்து விரட்டியதாம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. சுமார் 1500 வருடம் பழையது. சண்டையில் செத்துப்போன சேவலுக்கு உருவம் செதுக்கி, எழுத்தும் வெட்டி வைத்திருக்கிறார்கள். போரில் விழுந்த வீரனுக்குச் செய்கிற மரியாதை! முட்டை போட்டு, அடைகாத்து, குடும்பத்துக்குச் சோறு போட்ட பெட்டைக்கு ஒரு கூழாங்கல்லாவது உண்டா? எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த ஆராய்ச்சி ஏன் என்று கேட்பீர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் உண்டு. அங்கே அம்மா நாலு பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்க ஆரம்பித்திருக்கிறார். அதைப் பார்க்கப் பார்க்க, படிக்கப் படிக்க வந்த விஷயங்கள்தான் இவை.

முதலில், கோழி நம்மோடு எப்படிச் சேர்ந்தது? அது சேவல் சண்டையால் அல்ல, தானியத்தால் என்று 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. தாய்லாந்தில் பான் நான் வாட் என்கிற இடத்தில் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட காலத்து எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குக் காட்டுக்கோழி மேய வந்தது, அப்படியே தங்கிவிட்டது. நம் பங்கும் இதில் உண்டு. பல கோழிகளின் மஞ்சள் கால், மஞ்சள் தோல் எல்லாம் தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த மரபணு என்று 2008-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

தானியம் காயவைப்பது யார், அதை நோக்கி வரும் கோழியை விரட்டுவது யார்? பெண்கள்தான். சங்க இலக்கியமான பட்டினப்பாலையில் இப்படி ஒரு காட்சி வருகிறது. சோழ நாட்டு ஊர் ஒன்றில் வீட்டு முற்றத்தில் தானியம் காய்கிறது. கொத்த வந்த கோழி மேல் ஒரு பெண் தன் தங்கக் காதணியைக் கழற்றி எறிகிறாள். அது தெருவில் கிடந்து, பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரத் தேருக்குத் தடையாகிறதாம். புலவர் சொல்ல வந்தது அந்த ஊரின் செல்வச் செழிப்பை. எனக்குப் பட்டது வேறு: அவ்வளவு செழிப்பான ஊரிலும் வீட்டு வாசலில் கோழி மேய்ந்திருக்கிறது! துறைமுகத்தை ஒட்டிய எங்கள் பேட்டைக்கு இது பொருந்தாதா என்ன?

சரி, இனி பணக் கணக்குக்கு வருவோம். நாட்டுக்கோழி வருடத்துக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை போடும். கொஞ்சம் போட்டுவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும், 21 நாளில் குஞ்சு பொரிக்கும். கடைக்குப் போகாமலே மந்தை பெருகும். முட்டைக் காசு அம்மாவின் சுருக்குப்பைக்குப் போகும். அதற்கு அப்பா கணக்குக் கேட்பதில்லை. ஏழை வீட்டில் பெண் பெயரில் இருந்த ஒரே சொத்து பல இடங்களில் இதுதான்.

இந்தச் சின்ன வங்கி திவாலாவது பெரும்பாலும் ஒரே நோயால். அதுதான் வெள்ளைக்கழிச்சல். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் அடையாளம் காணப்பட்டு, அடுத்த வருடமே இமயமலைப் பக்கம் ராணிக்கேத்தில் தெரிய வந்தது. அதனால்தான் நம் நாட்டில் 'ராணிக்கேட் நோய்' என்று பெயர். வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி. இன்று தடுப்பூசி இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தீவனம் போலவே தின்னக் கொடுக்கும் குருணை மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. நாலு கோழி வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

இப்போது கொஞ்சம் அமெரிக்கா போய் வருவோம். 1923-இல் டெலவேர் மாநிலத்தில் சிசிலி ஸ்டீல் என்கிற பெண், வீட்டு முட்டைக்காக 50 குஞ்சு கேட்டு எழுதினார். தவறுதலாக 500 வந்து இறங்கிவிட்டது! திருப்பி அனுப்பாமல் வளர்த்து, பிழைத்த 387 கோழிகளையும் கறிக்கு விற்றார். நல்ல லாபம். 1926-க்குள் 10,000 கோழி வளர்க்கும் கொட்டகை வந்துவிட்டது. கடலோரக் காவல் படையில் இருந்த கணவரும் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கினார். இன்றைய பிராய்லர் தொழிலின் தொடக்கம் ஒரு வீட்டுப் பெண்ணின் கோழிக்கூடு என்றுதான் அங்கே எழுதுகிறார்கள்.

நம் பக்கம் இந்தப் புரட்சியின் பெயர் நாமக்கல். அங்கே கூண்டில் இருப்பவை லெகார்ன் வழி வந்த கோழிகள் (அந்தப் பெயரும் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து வந்ததுதான்!). வருடத்துக்கு 300 முட்டை போடும், அடையில் உட்காராது. டாக்டர் பி.வி. ராவ் முயற்சியில் 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகி, முட்டைக்கு விலை சொல்ல ஆரம்பித்தது. இதைக் குறை மட்டும் சொல்ல மாட்டேன். 1989-இல் நம் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, 2010-இல் அது வாரம் ஐந்தானது. வீட்டுக் கோழியை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை பிள்ளைகள் தட்டில் முட்டை விழுந்திருக்காது.

ஆனால் இரண்டு விஷயம் மாறிப்போனது. ஒன்று, சேவலின் கதி. முட்டைப் பண்ணைக்கு ஆண் குஞ்சு தேவையே இல்லை. பச்சை, ரோஸ் என்று சாயம் பூசித் தெருவில் கூடையில் விற்கிறார்களே, கலர் கோழிக்குஞ்சு? அவற்றில் பெரும்பாலானவை பண்ணை கழித்துவிட்ட ஆண் குஞ்சுகள்தான். நடுகல் வாங்கிய பரம்பரை இன்று சாயம் பூசிக்கொண்டு நிற்கிறது. இரண்டு, பெட்டையின் மதிப்பு ஏறியது, ஆனால் அந்தக் காசு சுருக்குப்பையிலிருந்து வெளியே போய்விட்டது. லாரி, தீவனம், வங்கிக் கடன் என்று ஆனபின் கோழி ஆண்களின் தொழில்.

நாலு கோழியால் நாமக்கல்லை யாரும் ஜெயிக்க முடியாது. ஜெயிக்கவும் வேண்டாம். அரசாங்கமே ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டம் போட்டதற்குக் காரணம், அந்தச் சின்னக் காசு யார் கையில் இருக்கிறது என்பதுதான். அது அம்மா கையில் இருந்தால் பள்ளிக்கூட நோட்டாகவும் காய்ச்சல் மாத்திரையாகவும் மாறும்.

சிசிலி ஸ்டீலின் முதல் கொட்டகையை 1974-இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். வெறும் பலகைக் கொட்டகை, அவ்வளவுதான்! நாம் கல் நட வேண்டாம். நம் பாட்டிகள் முட்டை விற்று யாரைப் படிக்க வைத்தார்கள், எந்தக் கடனை அடைத்தார்கள் என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால் போதும். அரசலாபுரத்துச் சேவலைப் பற்றி நமக்குத் தெரிவதும் யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தானே?