கருந்துளையும் சிறு விண்மீன் மண்டலமும்

1930ஆம் ஆண்டிலே, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற பத்தொன்பது வயது இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வழியில் அவர் தொடங்கிய கணக்கு, எரிந்து தணிந்த விண்மீனின் நிறை சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கை விஞ்சின், அது தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது சரியும் என்று முடிவிற் காட்டிற்று. 1935இல் எடிங்டன் அதனை அவையிலே எள்ளினார். நோபெல் பரிசோ 1983இல்தான் வந்தது! கருந்துளை என்னும் கருத்துக்கு வழிகோலியது அக்கணக்கே.

பெரிய மண்டலங்களின் நடுவிலுள்ள கருந்துளைகள் சீறியெறியும் வாயு, விண்மீன் பிறத்தற்குரிய முகில்களைச் சூடேற்றிக் கலைத்துவிடும். மூன்று கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஹெனைஸ் 2-10 என்னும் சிறு மண்டலத்திலோ நிலைமை வேறு. அங்கே கருந்துளை உண்டென 2011இல் ஏமி ரைன்ஸ் அறிவித்தபோது, வெடித்த விண்மீனின் எச்சமே அது என்றோரும் உளர். 2022இல் அவரும் சக்கரி சட்டும் ஹபிள் தொலைநோக்கியாற் கண்டது, 230 ஒளியாண்டு நீண்ட வாயுப்பாலம். அது முகிலை முட்டுமிடத்தே புதிய விண்மீன்கள் கொத்தாய்ப் பிறக்கின்றன.

மாரியில் நமது வாவியின் முகத்துவாரத்தை உடைத்தோடும் வெள்ளம் மணற்றிட்டை வாரிச்செல்லும். வேகந் தணிந்தவிடத்து அந்நீரே வண்டலைப் படியவிடும். ஹெனைஸிலும் ஓட்டம் மெல்லியதாதலின், வாயு கலையாது நெருங்கிற்று. வேறு சில சிறு மண்டலங்களிலோ கருந்துளை விண்மீன் பிறப்பைத் தடுப்பதாகவே தெரிகிறது.