அசோஸ்பைரில்லம் அம்மா

விவசாயக் குடும்பத்துப் பசங்களுக்கு அசோஸ்பைரில்லம் பாக்கெட் தெரிஞ்சிருக்கும். வடிச்ச கஞ்சியில கலக்கி விதைநெல்லுல பூசுவாங்க, இல்லேன்னா கரைச்சு நாத்தோட வேரை முக்கி நடுவாங்க. அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு அம்மா இருக்காங்க மக்களே.

ஜோஹன்னா டோபெரெய்னர். 1924-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஜெர்மன் பெண். உலகப்போர் முடிஞ்சு ஜெர்மானியர்களைத் துரத்தினப்போ இவங்களும் வெளியேறி, பண்ணையில பால் கறந்து பிழைச்சு, ம்யூனிக்கில் வேளாண்மை படிச்சு, 1950-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தாங்க. ரியோவுக்குப் பக்கத்துல செரோபெடிகாங்கற ஊர்ல அரசு ஆராய்ச்சி வேலை.

பயறுச்செடியோட வேர்முடிச்சுல இருக்கற பாக்டீரியா காத்துலேர்ந்து நைட்ரஜனைப் பிடிச்சுக் குடுக்கும்னு 1880-களிலேயே நிரூபிச்சாச்சு. ஆனா 1960-கள் ரசாயன உரத்தோட காலம். பிரேசில்ல சோயா பரவ ஆரம்பிச்ச அந்த நேரத்துல இந்த அம்மா, "நைட்ரஜன் உரமே போடாத நிலத்துல வெச்சு ரகத்தைத் தேர்ந்தெடுங்க"ன்னு அடம்பிடிச்சாங்க. நியாயந்தானே? உரம் கிடைச்சா செடி வேர்முடிச்சு போடறதையே குறைச்சுக்கும். டெஸ்ட் சர்வர்ல ரேமை அள்ளிக் கொட்டிட்டு "என் கோட் வேகமா ஓடுது"ன்னு சொல்ற கதைதான் :-) இன்னிக்கு உலகத்துலயே அதிகமா சோயா விளையற நாடு பிரேசில். அதுக்கு நைட்ரஜன் உரம் கிட்டத்தட்ட போடறதே இல்லை.

அடுத்து புல் பக்கம் திரும்பினாங்க. நெல், சோளம், கரும்பு எல்லாமே புல் ஜாதி, வேர்முடிச்சு கிடையாது. அதுல எப்படித் தேடறது? இங்கதான் அவங்க கெட்டிக்காரத்தனம். இந்த பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்ஸிஜன் வேணும், ஆனா ஆக்ஸிஜன் கூடினா நைட்ரஜன் பிடிக்கற வேலை நின்னுடும். அதனால நைட்ரஜனே இல்லாத, கூழ் மாதிரி தளதளன்னு ஒரு ஊடகம். அதுல வேர்த்துண்டைப் போட்டா, மேல் பரப்புக்குக் கொஞ்சம் கீழே, தனக்குத் தோதான ஆழத்துல அது தானே போய் மெல்லிசா ஒரு ஏடு கட்டும். பெரிய மெஷின் எதுவும் வேணாம், சின்ன பாட்டில் போதும்.

1920-களில் பைஜரிங்க் பார்த்துட்டு விட்ட ஜீவன்தான் அது. 1978-ல் அசோஸ்பைரில்லம்னு பேர் வெச்சாங்க.

இனிமே சோளத்துக்கு உரமே வேண்டாம்னு அப்போ ஏகப்பட்ட ஆர்ப்பாட்டம். அந்த அளவுக்கு நடக்கலை. நைட்ரஜனைவிட, அது சுரக்கற ஹார்மோனால வேர் கிளைச்சுப் பரவறதுதான் பெரிய பலன்னு பின்னாடி பலரும் சொன்னாங்க. எனக்கும் அதான் சரின்னு படுது.

அம்மா அசரலை. 1988-ல் அவங்க குழு கரும்புக்குள்ளேயே குடியிருந்து நைட்ரஜன் பிடிக்கற இன்னொரு பாக்டீரியாவைப் பிடிச்சுது. பத்து சதவீத சர்க்கரைக் கரைசல்ல ஜாலியா வளருது அது!